தேவிகாபுரம் பஸ் ஓடாது

பட்டு விஷயத்தில் தங்கவேலுவை ஏமாற்ற ஆரணியில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. எந்த வியாபாரி நூல் கொண்டுவந்தாலும் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டி மோந்து பார்ப்பார். முடி கருகின வாசனை வந்தால் அசல் பட்டு. வராவிட்டால் வியாபாரி வந்த வழியே போகலாம்.

அதே மனிதர் கையில் போன் இருந்தால் எதையும் மென்றுகூடப் பார்க்காமல் விழுங்கிவிடுவார். பப்பாளி விதை தின்றால் கண்ணாடியே தேவையில்லை என்று ஒரு சேதி வந்தது. தின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தறியில் உட்கார்ந்தார். பச்சைப் புடவையில் பாதிக்குமேல் நீலம் ஓடியது.

மனைவி சுகன்யா நேரெதிர். எந்தக் கட்சிக்கும் தலையாட்டாமல், வாசகர் சந்தாவை மட்டும் நம்பி தேவிப்ரியா என்ற பெண் நடத்தும் ‘ஆரணி இழை’ வாரப் பத்திரிகையை அவள் வரி விடாமல் படிப்பாள். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க தேவிப்ரியா நடத்திய வகுப்புக்கும் போய்வந்தாள். அன்றிலிருந்து தங்கவேலு எதைப் படித்துக் காட்டினாலும் ஒரே கேள்விதான்: "இத மொதல்ல யாருங்க சொன்னது?"

"சும்மா வர்ற சேதிக்குச் சந்தா கட்றவ நீ ஒருத்திதான்!"

"சும்மா வர்ற நூல நீங்க தறியில ஏத்துவீங்களா?"

தங்கவேலுவுக்கு மானம் போய்விட்டது. ஒரே ஒரு பொய்யையாவது இவளை நம்ப வைக்காமல் விடுவதில்லை என்று சபதம் செய்தார்.

சமயமும் வாய்த்தது. ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரத்தில் மாமியார் வீட்டு விருந்து. அதே ஞாயிறு, ஆரணியில் கேரம் போட்டியின் இறுதி ஆட்டம். தங்கவேலுவும், சுகன்யாவுக்கு அண்ணன் முறையான கந்தசாமியும் ஒரு ஜோடி. எதிர் ஜோடி யார் என்றுகூட அவர் கேட்கவில்லை. யாராயிருந்தாலும் தோற்கப்போகிறவர்கள்தானே!

சனிக்கிழமை கந்தசாமியின் போனை வாங்கித் தங்கவேலுவே ஒரு சேதி அடித்தார்: ‘பாலம் வேலை. நாளை தேவிகாபுரம் பஸ் ஓடாது. அனைவருக்கும் பகிரவும்.’ கந்தசாமியும் இருக்கும் சுகன்யா வீட்டு உறவுக்காரர் குழுவில் அதைத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வீட்டுக்கு வந்தார்.

சுகன்யா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நாளைக்கு பஸ் ஓடாதாமே?"

"அப்படியா? அடப்பாவமே!"

"அப்ப நாம போக முடியாது."

"எப்படிப் போறது? பறந்தா போறது?"

"சரி, அம்மாக்கு சொல்லிடறேன்" என்று அவள் சமையலறைக்குப் போனாள். யார் சொன்னது என்று கேட்கவேயில்லை! தங்கவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கூடுதலாக இரண்டு தோசை உள்ளே போனது.

ஞாயிறு காலை, ஸ்ட்ரைக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் கால் வைத்தார். எதிரே ஆட்டோவிலிருந்து மாமியார் இறங்கினார். பின்னால் மச்சான், மச்சான் பெண்டாட்டி, பிள்ளைகள், ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலை, காலைக் கட்டிய இரண்டு நாட்டுக்கோழி.

"நீங்க வர முடியாதுன்னு சுகன்யா சொன்னா மாப்ளே. அதான் நாங்களே வந்துட்டோம்."

"பஸ்ஸுதான் ஓடலையே அத்தே!"

"பஸ்ஸ்டாண்டு வரைக்கும் பஸ்லதான வந்தோம்?"

பின்னால் சுகன்யாவின் குரல் கேட்டது. "எரிச்சுப் பாத்தேங்க. முடி வாசன வரல."

"இன்னா சொல்ற?"

"கந்தசாமி அண்ணன் போன்ல இருந்து வந்த சேதி. அவரையே கேட்டேன். 'உங்க வூட்டுக்காரர்தாம்மா அடிச்சாரு'ன்னாரு. தேவிப்ரியாவும் டிப்போல கேட்டுச் சொல்லிட்டா. பஸ் ஓடுதாம், பாலமும் நல்லா இருக்குதாம்."

தங்கவேலு கோழியைப் பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்தது. போகட்டும், கேரமாவது மிஞ்சியது என்று செருப்பை மாட்டும்போது கந்தசாமி சாவகாசமாக நடந்து வந்தார்.

"ஜல்தி வாய்யா, மாட்சுக்கு நேரமாவுது!"

"மாட்ச் இல்லப்பா, தள்ளி வெச்சுட்டாங்க. எதிர் ஜோடி தேவிகாபுரத்துப் பசங்களாம். பஸ் ஓடாதுன்னு எவனோ சேதி அனுப்பி, ஊரே நம்பிகினு குந்திகினு இருக்குதாம். நா சாப்புட வந்தேன். தங்கச்சி கூப்ட்டுது."

தங்கவேலு செருப்பைக் கழற்றினார். உள்ளே மசாலா வறுக்கும் வாசனை தூக்கியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மச்சான் பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தது. மனம்கூட லேசாகிவிட்டது போலிருந்தது.

அப்போதுதான் சுகன்யா இலை போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பாவங்க அந்தப் பசங்க. அவங்களும் நம்ம பத்திரிகைக்கு சந்தா கட்டியிருந்தா, இந்நேரம் உங்கள ஜெயிச்சுட்டுப் போயிருப்பாங்க."