கதவு வைக்க ஒரு திசை

மானத்தின் விலை ஐந்து ரூபாய். சில்லறையாகத் தர வேண்டும்.

ஜான்ரோஸ் தம்முடைய தேர்தல் நோட்டீசில் அச்சடித்த முதல் வரி இது. சந்தையில் நூற்றுக்கு மேல் பெண்கள் வியாபாரம் செய்கிறார்கள். கழிப்பிடம் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒரு வீட்டில் ஐந்து ரூபாய் கொடுத்துப் போய்வருகிறார்களாம். இந்தக் கொள்ளைக்கு ஆறு மாதத்தில் முடிவு கட்டுவேன், தவறினால் கவுன்சிலர் பதவியைத் தூக்கி எறிவேன் என்று நோட்டீசில் சத்தியமும் செய்திருந்தார். வாழைக்குலை மண்டி வைத்திருப்பவருக்கு வாய்க்குப் பஞ்சமா? ஜெயித்தும்விட்டார்.

ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. கட்டுவதற்கு வந்த பணமும், இன்று மாலை ஐந்து மணிக்குள் நகராட்சி இடம் முடிவு செய்யாவிட்டால், வந்த வழியே திரும்பிப் போகும்.

மணி மூன்று. மன்றத்தில் ஜான்ரோஸ் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். என்ஜினீயர் பிபின், பஸ் ஸ்டாப் பக்கத்துப் புறம்போக்கின் வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

"கதவு கிழக்கே."

"கிழக்கே எனக்க பேக்கரியாக்கும்," என்று எழுந்தார் கவுன்சிலர் பகவதியப்பன். "கேக்கு வாங்க வாறவன் அந்தக் கதவைப் பாத்துட்டு வாங்குவானா வோய்?"

"அப்ப வடக்கே திருப்பும்," என்றார் ஜான்ரோஸ்.

வடக்கே கவுன்சிலர் முருகதாஸின் பூக்கடை. "தோவாளையிலேருந்து விடியக்காலம் பிச்சிப்பூ கொண்டாறது இதுக்காவோய்?"

"தெற்கே?"

"நூலகம்," என்றார் பிபின்.

"அங்க யாருவோய் வாறா?"

"யாரும் வரல்லன்னாலும் நூலகம் நூலகம்தானே சார்."

"மேற்கே?"

மேற்கே சேர்மன் ஓமனாவின் கார் நிற்கும் இடம். ஓமனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிபின் மேற்குப் பக்கத்தைத் தானாகவே அடித்துவிட்டார்.

"கதவே இல்லாம கட்டினா யாருக்கும் ஆட்சேபணை வராது," என்றார் பிபின், பென்சிலைக் கடித்துக்கொண்டே. பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

ஜான்ரோஸ் பேரத்தில் பிறந்து வளர்ந்தவர். பகவதியப்பனைச் சன்னல் ஓரமாக ஒதுக்கினார்.

"பேக்கரிக்கு முன்னால ஒரு நிழற்கூடம் போட்டுத் தாறோம். மழைக்கு ஒதுங்குறவன் டீ குடிக்காம போவானா?"

பகவதியப்பனின் முகம் மலர்ந்தது. சன்னலுக்கு இந்தப் பக்கம் முருகதாஸின் காதும் மலர்ந்திருந்தது.

"பேக்கரிக்கு மட்டுந்தான் வெயில் அடிக்குமா? பூவுக்கு அடிக்காதா?"

பூக்கடைக்கும் ஒன்று ஒப்புக்கொண்டார். நூலகத்துக்கு இல்லையா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சேர்மனின் காரும் வெயிலில்தான் காய்கிறது என்று இன்னொரு குரல். நாலு நிழற்கூடத்துக்கும் பிபின் கூட்டிக் கழித்தார்.

"சார், மிச்சக் காசு ஒரு கதவுக்குத்தான் காணும்."

ஜான்ரோஸ் வராந்தாவுக்கு ஓடினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மனைவி ராகேலைப் போனில் பிடித்தார்.

"ஏட்டி, மண்டிக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவே ரெண்டு சென்டு சும்மாத்தானே கிடக்கு. அதைக் குடுத்துரவா?"

"எதுக்கு?"

"கழிப்பிடத்துக்கு."

போனில் ராகேலுக்குப் பின்னால் சில்லறை குலுங்கியது.

"நிங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? குழுப் பெண்ணுங்க வந்து நிக்கிது, போனை வையுங்க."

ராகேலின் சேமிப்புக் குழு என்றால் ஜான்ரோசுக்குப் பெருமைதான். மண்டியிலிருந்து பல நாள் பார்த்திருக்கிறார். சந்தைப் பெண்கள் வீட்டுப் பின்வாசலில் ஒவ்வொருத்தியாக வருவார்கள். வரும்போது முகத்தில் அப்படியொரு கவலை. போகும்போது அப்படியொரு நிம்மதி. சேமிப்பு பெண்களுக்குத் தரும் நிம்மதியைப் பற்றி அவர் மேடையிலேயே பேசியிருக்கிறார்.

ஆனால் குழுவா பதவியைக் காப்பாற்றும்? திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"எனக்க இடம் ரெண்டு சென்டு தாறேன். இனாம். எழுதிக்கிடுங்க."

சென்டு எட்டு லட்சம் போகிற இடம். மேஜைகள் அதிர்ந்தன. பகவதியப்பன் கட்டிப்பிடித்தார். தீர்மானத்தை எழுதத் தொடங்கிய கிளார்க் ஞானதாசன், நாலு வரி தாண்டுவதற்குள் பேனாவை மூடினார். வாசலில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் செல்லத்தங்கம் நின்றிருந்தாள். கையில் ஒரு மனு.

"ஆட்சேபணை சார்," என்றார் ஞானதாசன், மனுவை வாங்கிப் புரட்டியபடி. "கழிப்பிடமே வேண்டாம்னு நாப்பது பேரு ஒப்பு போட்டிருக்கு. எல்லாம் சந்தைப் பெண்ணுங்க."

"பெண்ணுங்களுக்குக் கட்டுறதுக்குப் பெண்ணுங்களே ஆட்சேபணையா?" ஜான்ரோசின் குரல் கீச்சிட்டது. "செல்லத்தங்கம், உனக்காகத்தானே இந்தப் பாடு!"

"கோவப்படாதீங்க சாரே. நகராட்சி கட்டினா முதல் மாசம் தண்ணி வராது. ரெண்டாம் மாசம் தாழ்ப்பாள் இருக்காது. மூணாம் மாசம் பூட்டிப் போட்டுட்டு, தாக்கோல் யாருக்க கையில இருக்குன்னு நாங்க தேடணும். இப்பப் போற எடத்துல டைல்ஸ் இருக்கு, சோப்பு இருக்கு. சில்லறை இல்லேன்னா நாளைக்குத் தாட்டின்னு விடுவாவ."

சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலே முக்கால் ஆச்சு. ஜான்ரோஸ், தீர்மானமா, ராஜினாமாவா?"

"தீர்மானம்!" ஜான்ரோஸ் மேஜையில் ஓங்கி அடித்தார். "கூட இன்னொண்ணும் எழுதும் வோய். பெண்ணுங்களுக்க அவசரத்தை வச்சுக் கொள்ளையடிக்கிற அந்த வீட்டுக் கக்கூசுக்கு இன்னைக்கே சீல் வைக்கணும். செல்லத்தங்கம், யாருக்க வீடு? பேரைச் சொல்லு, நானே நேர்ல வந்து பூட்டுறேன்."

ஞானதாசன் பேனாவைத் திறந்தார். மன்றமே செல்லத்தங்கத்தைப் பார்த்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரல்விட்டுக் கணக்குச் சொன்னாள்:

"உங்க வீட்டுப் பொறவாசல்தான் சாரே, நாளொண்ணுக்கு அறுவது பேரு, ஆளுக்கு அஞ்சு, முந்நூறு ரூவா, அதுல ரெண்டு மாசக் காசு பதினெட்டாயிரமும் உங்க எலக்சன் நோட்டீசுக்குப் போச்சுன்னு ராகேலக்காவே சொன்னாவ, நேத்தைக்கு நான் குடுத்தது இருவது, மிச்சம் பதினஞ்சு இன்னும் தரல்ல, பூட்டுறதுக்கு முன்னே அதை மட்டும் வாங்கித் தந்துருங்க."