ஒரு வீடியோவுக்கு ஒரு பொய்

மகாகனம் பொருந்திய ஆசீர்வாதம் மாமா சமூகத்துக்கு,

தேவிகுளம் மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தங்கள் அக்கா மகன் ஜினோ, ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம், பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். மழை எங்களைவிடச் சுகம். போடியிலிருந்து தாங்கள் கொடுத்தனுப்பிய, மூலையில் கீறல் விழுந்த கைப்பேசி எங்கள் பள்ளியில் துணை ஆசிரியராகப் பதவியேற்ற செய்தியைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன். ஊர்வலம் வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன்.

நடந்தது என்னவென்றால், பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற சட்டத்தை மதித்து, யார் கண்ணிலும் படாதபடி சோற்றுப் பாத்திரத்துக்குள் வைத்துக் கொண்டுபோனேன். அது மத்தியானம் மணியடித்துவிட்டது. "சோத்துக்குள்ளருந்து கூப்பிடுறது யாருலே, முட்டையா?" என்று ஹெட்மாஸ்டர் குருசாமி சார் பிடுங்கிக்கொண்டார். அப்போதுதான் சயின்ஸ் எடுக்கும் செல்வலட்சுமி டீச்சர் குறுக்கே வந்தார். "சார், அத எங்கிட்டக் குடுங்க. வகுப்புத் திரையில ஓடுற பாட வீடியோ பூரா மலையாளம். நம்ம பிள்ளைக பாதி புரியாம படத்த மட்டும் பாத்துட்டு இருக்குதுக. இவனுக்கு மலையாளம் நல்லாப் புரியும், வாய்க்கும் என்ன குறைச்சல்? தமிழ்ல பேசிப் பதியட்டும்." சார் யோசித்துவிட்டு, "ஓணப் பரீட்சை வரைக்கும் பாப்போம் டீச்சர். சயின்ஸ்ல ஒருத்தன் தோத்தாலும் போன் என் அலமாரிக்குள்ள போயிரும். தமிழ் வீடியோவும் அதோட நின்னுரும்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் போர்வைக்குள் புகுந்து ஒலிப்பதிவு. வாய் என்பது கொழுந்து நிறுக்கும் இடம், இரைப்பைதான் ஃபேக்டரி என்று நான் விளக்க, அம்மா வெளியிலிருந்து, "என்னலே முனங்குற, காய்ச்சலா?" என்பாள். "இல்லம்மா, கல்விப்பணி" என்பேன். எல்லாம் ஒழுங்காகப் போனால் எனக்குத்தான் அரிக்குமே மாமா. எவனாவது கவனிக்கிறானா பார்ப்போம் என்று, வீடியோவில் கேட்டதைத் தலைகீழாக்கி, குடல்களில் பெருங்குடல்தான் நீளம் என்று நடுவில் ஒன்று சொருகிவிட்டேன். வகுப்பில் ஓடியதும் ஜோமோள் எழுந்துவிட்டாள். "டீச்சர், இவன் புளுகுறான்! சிறுகுடல்தான் நீளம். ஏலே, புக்கப் பாருலே!" முதுகு வீங்கப்போகிறது என்று நினைத்தேன். டீச்சரோ சிரித்து, "இனிமே வீடியோவுக்கு ஒரு பொய் வைய்யி. கண்டுபிடிக்கிறது இவங்க வேலை" என்றார். அவ்வளவுதான், ஒவ்வொரு வீடியோவுக்கும் முப்பது பேர் புத்தகத்தைப் புரட்டி என் பொய்யைத் தேட ஆரம்பித்தார்கள். ஜூனில் வாங்கிய புத்தகத்தைப் புது வாசனை போகாமல் மூடியே பாதுகாத்து வைத்திருந்த என் கூட்டாளி ஜிபிகூட அதைத் திறந்தான். போன் வந்தால் புத்தகம் போய்விடும் என்று பயந்தவர் ஹெட்மாஸ்டர். ஆனால் போன் சொன்னதை நம்பாததால்தான் எங்கள் வகுப்பு புத்தகம் பக்கமே போனது. இதை விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது யோசித்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது, வேறு எதையெல்லாம் திரையில் பார்த்ததும் அப்படியே நம்பியிருக்கிறேனோ என்று.

பரீட்சையும் முடிந்தது. நான் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லை, ஜிபி உட்பட. இடுக்கி ஜில்லாவில் இப்படியொரு வாத்தியார் உண்டா என்று தாங்களே யாரிடமாவது விசாரிக்கவும்.

அத்தைக்கு என் வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். ஆசீர்வாதம் தங்கள் பெயரிலேயே இருப்பதால் தனியாகக் கேட்கவில்லை.

கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஜினோ

பின்குறிப்பு: தோற்றது ஒருத்தன் மட்டும். வாத்தியார். வகுப்பில் புத்தகத்தைத் திறக்க அவசியமில்லாத ஒரே ஆள் பொய் வைத்தவன்தானே மாமா? முந்தின நாள் என் இனிய குரலையே திரும்பத் திரும்பக் கேட்டுப் படித்துவிட்டுப் போனேன். எது மெய், எது நான் வைத்தது என்று பரீட்சை ஹாலில் பிடிபடவில்லை. பெருங்குடல்தான் நீளம் என்று படம் போட்டே எழுதியிருக்கிறேன். போன் இப்போது அலமாரியில். வகுப்பில் மறுபடி மலையாள வீடியோ ஓடுகிறது. ஜோமோள்தான், "எங்களத் தேட விட்டுட்டு நீ ஒருநாளாச்சும் தேடுனியாலே?" என்று கேட்டாள். வீட்டிலிருந்து ஆள் வந்தால்தான் பேச்சு என்கிறார் சார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஒருதரம் ஜீப் ஏறி வாருங்கள் மாமா. போன் எனக்கு வேண்டாம், வகுப்புக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பொய்யை இனி ஜோமோள் வைக்கட்டும். நான் தேடுகிறேன்.