ஒன்றேகால் அடி மிச்சம்

எங்கள் குடியிருப்பு வாரியத்தின் விதிப்படி, ஒரு வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை, நான்கு அடி அகலத்தில் ஒரு சுவர் அலமாரி ஆகியவை சேர்ந்தது. அதற்குள் கணவன், மனைவி எல்லாம் எப்படி அடங்குவது என்று விதியில் சொல்லப்படவில்லை. அது அவரவர் சாமர்த்தியம்.

அந்த நான்கு அடி அலமாரி பதினோரு வருஷமாக என் சட்டைகளின் அனுபவத்தில் இருந்து வந்தது. இதில் அநியாயம் ஏதாவது இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. நான் ஹேங்கர் செய்யும் பட்டறையில் வடிவமைப்பாளன். ஹேங்கர்காரன் வீட்டில் சட்டையை மடித்து வைத்தால் தொழிலுக்கே அவமானம். என் மனைவியின் துணிமணிகள் சமையலறைப் பரணில், ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன. கீழே வெங்காயம் வதக்கினால் மேலே வெங்காய வாசனை, மீன் பொரித்தால் மீன் வாசனை. அவள் எங்கே போனாலும், எங்கள் வீட்டுச் சமையல் அவளுக்கு இரண்டடி முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

அவளுக்கு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை கிடைத்தது. நேர்காணலில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "இன்னிக்கு உங்க வீட்ல மீனா?" என்பதுதான். இருந்தாலும் நல்ல மனுஷர், வேலையைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் அலமாரி முன்னால் நின்றாள்.

"இங்க பாருங்க. நாலு மாசம் கழிச்சு, ஒண்ணாந் தேதி வேலைல சேரணும். அதுக்குள்ள இதுல எனக்கு ஒரு இடம் வேணும்."

"இடம் எங்கேம்மா இருக்கு?"

"பத்தொன்பது சட்டை தொங்குது. நீங்க போடுறது நாலு. மத்ததை யாருக்காவது கொடுத்தா இடம் தானா வந்துடும்."

தொழில்நுட்பம் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஒரு பிரச்சினையை இவ்வளவு நேராகத் தீர்த்துவிட்டால், அப்புறம் வடிவமைப்பாளன் என்று ஒருவன் எதற்கு?

மூன்று மாதம் கம்பியும் குறடுமாகக் கிடந்தேன். முதலில் செய்தது சட்டையின் காலரைக் கிழித்தது. ஆறாவது, கதவைத் திறந்தால் மூக்கில் குத்தியது. ஒன்பதாவதில் மாட்டிய சட்டையை இன்றுவரை கழற்ற முடியவில்லை. பதினான்காவதுதான் அமைந்தது. ஒரே கழுத்து, அதிலிருந்து ஏணி மாதிரி கீழே இறங்கும் ஐந்து தோள்கள். மூன்று சட்டை தொங்கும் இடத்தில் ஐந்து சட்டை தொங்கும். 'படி ஹேங்கர்' என்று பெயர் வைத்தேன். நான்கு படி ஹேங்கரில் பத்தொன்பது சட்டையும் ஒடுங்கியதும், அலமாரியில் ஒன்றேகால் அடி காலியாக நின்றது.

என் மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கி, எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து, அந்த ஒன்றேகால் அடியில் தொங்கவிட்டாள். பிறகு கதவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மாடிப்படி சுவரில் வாரியத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தமது இல்லத்தில் இடத்தை மிச்சப்படுத்தும் குடியிருப்போருக்கு 'இடச் சிக்கனச் செம்மல்' என்ற விருதும் கேடயமும் வழங்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. படிவம் வாங்கி நிரப்பினேன். 'மிச்சம் எவ்வளவு?' என்ற கட்டத்தில், பெருமையோடு, 'ஒன்றேகால் அடி' என்று எழுதினேன்.

வாரிய அலுவலகத்தில் மிச்சம் என்ற சொல் கிடையாது. அங்கே அதற்கு உபரி என்று பெயர். எழுத்தர் என் படிவத்தை அலுவலக மொழிக்கு மாற்றிக் கோப்பில் இப்படி எழுதினார்: 'மேற்படி இல்லத்தில் ஒன்றேகால் அடி உபரியாக உள்ளமை, குடியிருப்பவராலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது.'

நான்காம் நாள் உபரி ஆய்வாளர் வந்தார். கையில் அளவு நாடா, காதில் பென்சில். அலமாரியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"மிச்சம் எங்க சார்?"

"இதோ, என் மனைவி துணி தொங்குதே, இதுதான்."

"துணி தொங்குனா அது எப்படி மிச்சம் ஆகும்? மிச்சம்னா மிச்சமா இருக்கணும்ல?"

"மிச்சம் பிடிச்சு, அதுல இவ துணியை வச்சிருக்கோம் சார்."

"அப்போ செலவு பண்ணிட்டீங்க. அப்புறம் எதுக்கு மிச்சம்னு எழுதிக் கொடுத்தீங்க? வாரியத்துக்குப் பொய்த் தகவல் கொடுத்தா வீட்டையே காலி பண்ணச் சொல்லுவாங்க, தெரியுமா?"

மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஆய்வாளர் முகம் மலர்ந்தது.

"இதுதான் மிச்சம். நல்லா இருக்கே!" என்று அளந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். "உங்க குடும்பத் தேவைக்குன்னு வாரியம் நாலு அடி கொடுத்துச்சு. உங்க தேவை ரெண்டேமுக்கால்தான்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. மீதியை வாரியம் எடுத்துக்கும்."

"சார், அது இவளுக்குன்னு…"

"இவங்களுக்கு இடம் வேணும்னா முதல்லயே நாலு அடிக்குள்ள கொடுத்திருக்கணும். பதினோரு வருஷமா கொடுக்கல. அப்போ தேவை இல்லைன்னுதானே அர்த்தம்?"

ஆய்வாளர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் வாரிய அலுவலகம் போய் உதவி அதிகாரியைப் பார்த்தேன். மிகவும் தன்மையான மனிதர். நாற்காலியில் உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை.

"மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன் சார்," என்றேன்.

"தாராளமா. உபரி மீட்பு மனு கொடுங்க. ஆனா அந்த மனுவை, உபரி இல்லாதவங்கதான் கொடுக்கலாம். உங்ககிட்டதான் உபரி இருக்கே?"

"அதைத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்களே!"

"எடுத்துக்கிட்டா அது வாரியத்தோடது. வாரியத்தோட இடத்துக்கு நீங்க எப்படி மனு கொடுப்பீங்க?" என்று சொல்லிவிட்டு, கேடயத்தை என் கையில் கொடுத்துக் கைகுலுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பெரியவர், கையில் ஒதுக்கீட்டு ஆணையோடும் ஒரு பையோடும் நின்றார். வீடு கேட்டுப் பதினேழு வருஷமாகக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவராம். எங்கள் அலமாரியின் ஒன்றேகால் அடி அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

"மன்னிக்கணும், தொந்தரவுக்கு," என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, அலமாரிக்குள் ஏறி நின்றுகொண்டார். நின்றதும் கண் கலங்கிவிட்டார். "நமக்குன்னு ஒரு இடம் சார். பதினேழு வருஷம்!"

அவரை நான் பட்டியல்காரர் என்று அழைக்கலானேன். தங்கமான மனிதர். அலமாரிக் கதவில் '4/அ' என்று ஒரு தகடு அடித்தார். கடிதங்கள் எல்லாம் அந்த விலாசத்துக்கு வந்தன. ஒரே ஒரு கஷ்டம், என் சட்டையை எடுக்க நான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. "யாரு?" என்பார். "நான்தான், சட்டை," என்பேன். "அந்த நீலம் வேணாம் சார், உங்களுக்கு எடுப்பா இல்ல," என்று வேறொன்றைக் கதவிடுக்கு வழியாக நீட்டுவார். உண்மையில் அவர் ரசனை நன்றாகவே இருந்தது.

என் மனைவியின் துணிகள் மறுபடி பரணுக்குப் போயின. ஒண்ணாந் தேதி அவள் வேலையில் சேர்ந்தாள். முதல் நாளே ஒரு நோயாளி வாயைத் திறந்ததும் மருத்துவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆறு தடவை கொப்பளிக்கச் சொன்னார். மீன் வாசனை போகவில்லை. ஏழாவது தடவை நோயாளி கதறிக்கொண்டே, "டாக்டர், நான் மீனே சாப்பிடமாட்டேன்!" என்று சொன்னபோதுதான், எல்லோரும் திரும்பி என் மனைவியைப் பார்த்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். நான் ஆறுதலாக, பரணுக்கு ஒரு மூடி வடிவமைத்துத் தருகிறேன் என்றேன். மூன்று மாதம் ஆகும் என்றும் சொன்னேன்.

இதற்கிடையில் என் ஹேங்கர் பிரபலமாகிவிட்டது. வாரியம் எல்லா வீடுகளுக்கும் படி ஹேங்கரைக் கட்டாயமாக்கியது. வீட்டுக்கு வீடு உபரி. அலமாரிக்கு அலமாரி ஆள். சொந்த வீட்டுக்காரர்கள், அவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லாவிட்டாலும், இது ஏதோ நாகரிகம் என்று எண்ணி, தங்கள் அலமாரியிலும் ஆள் வைக்க ஆரம்பித்தார்கள். விருந்துக்குப் போன இடத்தில் பெண்மணிகள் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது.

"எங்க அலமாரில ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருக்கார். உங்க வீட்ல?"

"எங்களுக்கு வயலின்காரர். ஆனா வாசிக்க முடியல, முழங்கை இடிக்குது."

தையல்காரர்கள் தோளே இல்லாத சட்டைகளைத் தைத்தார்கள், படி ஹேங்கரில் கச்சிதமாக ஒடுங்கும் என்று. அதைப் போட்டுக்கொண்டவர்கள் கையைத் தூக்க முடியாமல் நடந்தார்கள். பார்க்க அடக்கமாகத்தான் இருந்தது. வீடில்லாதவரே இல்லாத நகரம் என்று வாரியம் விளம்பரம் கொடுத்தது. பட்டியல் விறுவிறுவென்று நகர்ந்தது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, என் மனைவி பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள்.

"எங்கேம்மா?"

"பட்டியல்ல பேர் கொடுத்திருந்தேன். பதினெட்டு நாள்ல கிடைச்சிடுச்சு. மூணாவது பிளாக், மாடி வீட்டு அலமாரி. முழுசா ஒன்றேகால் அடி. போய்ப் பார்த்துட்டு வந்தேங்க. ஒரு வாசனையும் இல்ல."

"பைத்தியமா உனக்கு? நீ இங்கேயே இருக்கலாமே!"

"எங்க?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலக் கேட்டாள். நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டிலில் என் குறடும் கம்பியும். மேஜையில் என் கேடயம். அலமாரியில் என் பத்தொன்பது சட்டையும் பட்டியல்காரரும். என் பார்வை ஒவ்வொரு மூலையாகப் போய்த் திரும்பி வரும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அடிக்கடி வந்துட்டுப் போறேன். தட்டிட்டு வரேன்," என்றாள்.

அவளுடைய வேலை நிலைத்தது. மருத்துவர் பாராட்டினார் என்று பட்டியல்காரருக்கு அவள் எழுதிய கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கு வாரியத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் மனைவி வேறிடத்தில் குடியேறிவிட்டமையால் தங்கள் இல்லத்தில் ஒரு நபர் அளவு உபரி ஏற்பட்டுள்ளது. தனி நபருக்கு முழு இல்லம் தேவையில்லை என்பதால், தாங்கள் தங்களுக்குரிய ஒன்றேகால் அடிக்கு உடனடியாக விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

விண்ணப்பிக்கப் போனேன். வரிசை வாரியத்தின் வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவரின் காதில் பென்சில் இருந்தது. உபரி ஆய்வாளர்.

"நீங்களுமா சார்?"

"என் வீட்டம்மாவுக்கு அஞ்சாவது பிளாக்ல கிடைச்சிடுச்சு. எனக்குக் கடிதம் வந்துடுச்சு," என்றார். அவருக்கு முன்னால் உதவி அதிகாரி நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்துத் தன்மையாகத் தலையாட்டினார்.

படிவம் சுலபமாகத்தான் இருந்தது. பெயர், தொழில், உயரம், தோள் அகலம். கடைசிக் கட்டத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. 'தாங்கள் இதுவரை தங்கள் இல்லத்தில் யாருக்கேனும் இடம் கொடுத்தது உண்டா? உண்டெனில் விவரம் தருக.'

"இதுக்கு என்ன சார் எழுதணும்?" என்று ஆய்வாளரின் முதுகைச் சுரண்டினேன்.

"எனக்கும் புரியல. இவரைப் பார்த்துதான் எழுதினேன்," என்று அவர் உதவி அதிகாரியைக் காட்டினார். இருவர் படிவத்தையும் எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் 'இல்லை' என்று இருந்தது. நானும் எழுதினேன். எனக்குப் பின்னால் இருந்தவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். அப்படியே அது வரிசையோடு தெருமுனை வரைக்கும் போயிற்று.

என் முறை வந்ததும், இவ்வளவு நீளமான வரிசையில் ஒரு பெண்கூட இல்லையே என்று ஜன்னலில் இருந்த எழுத்தரைக் கேட்டேன். அவர்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டதாம்.