மன்னர் முகத்தோடு தைத்த உறை

மானபுரி நாட்டில் மழை தவறினாலும் மானம் தவறியதில்லை. அப்படிப்பட்ட நாட்டுக்குள்தான், படுக்கை வழியே பரவி ஆளை எலும்பும் தோலுமாக்கும் தேய்வு நோய் கொஞ்சமும் வெட்கமில்லாமல் நுழைந்தது. ரப்பர் உறை அணிந்தால் நோய் ஒட்டாது என்றார்கள் வைத்தியர்கள். அரண்மனையும் பெரிய மனது பண்ணி, சுங்கச்சாவடிதோறும் உறையை இலவசமாகக் கொடுக்க உத்தரவிட்டது.

உப்பு வண்டி ஓட்டும் கொளஞ்சி கிளம்பிய அன்று, அவன் மனைவி அம்சவேணி சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மூணு மாசம் வெளியூர்ல இருக்கப்போற. நீ சாமியார் இல்லைன்னு எனக்குத் தெரியும். சாவடியில உறை குடுப்பாங்க, வாங்கி வச்சுக்க. நமக்கு ஒண்ணுன்னா புள்ளைங்களுக்கு யாரும் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

அவன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மாண்புக் காவல் அமைச்சர் விழித்துக்கொண்டார். 'உறை' என்ற சொல் காதில் விழுந்தாலே குலப்பெண்கள் கெட்டுப்போவார்களாம். அதைப் பேசவும் எழுதவும் தடை போட்டார். முரசறைவோர் வாய் திறக்காமல் முரசை மட்டும் அறைந்துவிட்டுப் போனார்கள். வரி ஏறிவிட்டது போலிருக்கிறது என்று மக்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கொடுத்தது யார் என்று தெரியாமல் நோய் தீர்ந்து என்ன பயன் என்பது அமைச்சரின் அடுத்த கவலை. ஒவ்வொரு உறையையும் மன்னர் படம் போட்ட அட்டையோடு சேர்த்துத் தைக்கச் சொன்னார். அரசுத் தையற்கூடத்தில் அந்த வேலை அம்சவேணியிடம் வந்தது. பச்சை நூலைக் கோத்து முதல் உறையைத் தைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஐயா, ஊசி குத்தினா இதுல ஓட்டை விழுதே. அப்புறம் இது எதுக்காகும்?"

கண்காணிப்பாளர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓட்டை எங்கே விழுகிறது என்பதே முக்கியம், அம்மணி. மன்னரின் திருமுகத்தில் ஒன்றுகூட விழலாகாது. விழுந்தால் ராஜத்துரோகம்."

அன்றே புருஷனுக்குக் கடிதம் எழுதிப் போட்டாள். பிறகு வயிறு எரிய எரிய, நாளுக்கு நானூறு உறை தைத்தாள். பாழாய்ப்போன அந்த வேலையைப் பாதியில் விட்டாலும் துரோகம்தான்.

மூன்று மாதம் கழித்து, வீட்டுக்கு வீடு மன்னர் முகம் போய்ச் சேர்ந்ததற்கு அமைச்சர் விழா எடுத்த அன்று, கொளஞ்சி கன்னம் ஒட்டிப்போய்த் திரும்பினான். இருமிக்கொண்டே பையைத் துழாவினான்.

"உன் கடுதாசி வந்துச்சு. பாதிக்கு மேல மை பூசி அழிச்சிருந்தாங்க, ஒண்ணும் விளங்கல. ஆனா நான் கிளம்பும்போது நீ சொன்னத ஒரு தடவகூட விடல, வேணி."

மிச்சமிருந்த அட்டைகளைப் பெருமையாக அவளிடம் நீட்டினான். அத்தனையிலும் பச்சை நூல். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மன்னர் முகத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை.