ஹோட்டல் விளக்கும் வெறுங்காலும்

கோலா சிலாங்கூர் ஆற்றோரச் சாலையில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தேன். வலது காலில் என் ரப்பர் சிலிப்பர். இடது காலில் யாரோ ஒரு பெண்மணியின் பூப்போட்ட செருப்பு. அந்தக் களேபரத்தில் அதுதான் அகப்பட்டது. திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். போயிருந்தால் மாணிக்கம் முதலாளியின் கழுத்தைப் பிடித்திருப்பேன். (பிடித்திருக்க மாட்டேன். அவர் கழுத்து என் தொடையை விடப் பெரியது.)

எண்பதுகளில் நடந்தது இது. செரண்டா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பால்மரம் சீவினேன், லோரியில் மூட்டை தூக்கினேன், ஒரு வயர்மேனுக்கு ஏணி சுமந்தேன். சில மாதம் ஏணி சுமந்ததில் நானே வயர்மேன் ஆகிவிட்டதாக முடிவு செய்துகொண்டேன். வேறு யாரும் அப்படி முடிவு செய்யவில்லை.

மாணிக்கம் முதலாளி லோரிகள் ஓட்டிப் பணம் பார்த்தவர். ஆற்றோரம் பங்களா கட்டி, பின்பக்கம் ஆற்றைப் பார்த்தபடி பெரிய மரப்பலகைத் தளம் ஒன்று போட்டிருந்தார். ஒரே மகளின் நிச்சயதார்த்தம் அதில்தான். கோலாலம்பூரில் ஏதோ ஒரு ஹோட்டலில், நீச்சல் குளத்தைச் சுற்றித் தரைக்குள்ளேயே விளக்குப் புதைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதே மாதிரி தன் தளத்திலும் வேண்டுமாம். வயர்மேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நான் அவரிடம் அகப்பட்டேன்.

"வேலை நல்லா வந்திச்சின்னா ஒனக்கு என் லோரிக் கொட்டகையில நிரந்தர வேலை. பின்னால ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. நீயே தங்கிக்க லா."

ரூம் என்ற சொல்லில் விழுந்தேன். அப்போது பஸ் நிலையத்துப் பெஞ்சில் படுத்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் யாரும் எழுப்பிவிடாத ஓர் இடம் வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

கிள்ளானுக்கு விளக்கு வாங்கப் போனோம். கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று, படியோரத்திலும் கைப்பிடியோரத்திலும் பதிப்பது. சின்ன பல்பு, மங்கல் கண்ணாடி. இன்னொன்று, பலகையின் நடுவில் துளை போட்டுப் புதைக்கும் பெரிய குண்டு பல்பு. மேலே கண்ணாடி, சுற்றிலும் பித்தளை வளையம். வானத்தைப் பார்த்து எரியும்.

"பலகைத் தளத்துக்குச் சின்னது போதும் முதலாளி. ஓரமா வெச்சா கண்ணு கூசாது, மழைத் தண்ணியும் தேங்காது" என்றார் கடைக்காரர்.

"நான் நிச்சயதார்த்தம் வெக்கிறேனா, திருடன் ஒளியறதுக்கு எடம் பண்றேனா? பெருச எடு!" என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். "வயர்மேன், எப்படி இருக்கு?"

"முதலாளி, அவரு சொல்ற மாதிரி ஓரமா..."

"ஒன்கிட்ட யோசனையா கேட்டேன்? நல்லா இருக்கான்னுதானே கேட்டேன்!"

"நல்லா இருக்கு முதலாளி."

பலகையை அறுத்தேன். தளத்துக்கு அடியில் சேற்றில் மல்லாந்து படுத்து வயர் இழுத்தேன். அந்த ஆற்றோரக் கொசுக்கள் அத்தனைக்கும் என் முகத்தில் ஒரு விருந்து நடந்தது. வேலை முடிந்ததும் முதலாளி தோல் சப்பாத்தோடு ஒவ்வொரு விளக்கின் மேலும் ஏறிக் குதித்தார். "தாங்குது லா!" நானும் ரப்பர் பூட்ஸோடு ஏறிக் குதித்தேன். எனக்கும் தாங்கியது. வீட்டுக்கு வெளியே இருக்கும் இடம், செருப்போடு நடக்கும் இடம். எங்கள் இரண்டு மூளையும் சேர்ந்து எட்டிய தூரம் அவ்வளவுதான்.

முதலாளியம்மா அப்படி நினைக்கவில்லை. தளத்தைக் கழுவிக் கோலம் போட்டார், குத்துவிளக்கு வைத்தார், நடுவில் பிளாஸ்டிக் பாய் விரித்தார். பாய்க்கு அடியில் ஒரு விளக்கு போனதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கோலம் விழுந்த அந்த நிமிடமே தளம் வீட்டுக்கூடம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள்.

பொழுது சாய்ந்ததும் சுவிட்சைத் தட்டினேன். "ஆஹா" என்றார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கண்ணாடிகள் மெல்லத் தோசைக்கல்லாகிக்கொண்டிருந்தன.

முதலில் மாட்டியவர் மாப்பிள்ளையின் அத்தை. சீர்த்தட்டை ஏந்தி வந்தவர் சரியாக ஒரு விளக்கின் மேல் கால் வைத்தார். "ஐயோ அம்மா!" ஆப்பிள்கள் ஆற்றை நோக்கி உருண்டன. அவரைத் தாங்கப் போன சித்தப்பா அடுத்த விளக்கை மிதித்துத் துள்ளினார். எவனோ ஒருவன், "பாம்பு! பலகைக்கு அடியில பாம்பு!" என்று கத்தினான். அவ்வளவுதான். எல்லோரும் ஓடினார்கள். ஓடியவர்கள் மிச்சமிருந்த விளக்குகளையும் மிதித்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் பாயில் சம்மணமிட்டு அசையாமல் இருந்தார். "அப்பவே நெனச்சேன், என்னடா வெதுவெதுன்னு இருக்கேன்னு" என்றபடி எழுந்தார். பாயும் அவரோடு எழுந்தது. உருகி வேட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். (குத்துவிளக்கு ஏற்கெனவே கவிழ்ந்திருந்தது என்பது இருட்டான பிறகுதான் தெரிந்தது.) மறுபடி வீட்டு விளக்குகள் எரிந்தபோது முதலாளி என்னைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த செரண்டாக்காரன்தான் சம்பந்தி! ஓரமா சின்ன லைட்டு போடுடான்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேக்கலியே, படவா!"

தலைபாடாக அடித்துக்கொண்டாராம்!

"யாரு அடிச்சிக்கிட்டது? ஹோட்டல் லைட்டு சப்பாத்துக் காலுக்குத்தான் முதலாளி. ஒங்க சம்பந்திக்கும் ஒரு ஜோடி வாங்கிக் குடுத்திட்டு அப்புறம் ஒக்கார வெச்சிருக்கணும்!"

"போடா வெளிய!"

பாயைப் பிய்க்க முடியாமல் நின்ற சம்பந்தி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் நிச்சயதார்த்தம் பிழைத்தது. என் ரூம் பிழைக்கவில்லை.

இன்று என் வீட்டு முன்தளத்துக்கு எல்.இ.டி. விளக்கு பார்க்கப் போனால், "இது அவ்வளவா சுடாது அங்கிள், மழையிலயும் ஒண்ணும் ஆவாது" என்கிறார்கள். என் மகள் உடனே கடைக்காரரிடம், "தரையில வெச்சிக் கொளுத்துங்க. அப்பா மொதல்ல வெறுங்காலோட ஏறி நிப்பாரு" என்கிறாள். நின்றிருக்கிறேன், அரை மணி நேரம். கடையே சிரித்தது. எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை. அந்தத் 'தலபாடா'தான் கேட்கிறது.

முதலாளி விரட்டிய அன்று ராத்திரி மீன் சந்தைப் பலகையில் படுத்தேன். விடிந்ததும் பக்கத்திலிருந்த ஐஸ் தொழிற்சாலையில் போய் நின்றேன். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா வேலை தெரியும்?"

"லைட்டு வேலை தவிர எல்லாம் தெரியும்ணே. தங்க ரூம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. அதுல ஐஸு தங்குது."

அந்த ரூமிலிருந்து ஐஸ் கட்டிகளை லோரிக்கு இழுத்துப் போடும் வேலையில் சேர்ந்தேன்.