வாய்க்காலில் வழி தவறிய வாஷர்

நீர் ஓடுகிற திசையிலேயே வாய்க்கால் கரையோரமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போய், அதிலும் வழி தவறிய ஒரே மனிதர் கொங்கு நாட்டிலேயே எங்கள் வாஷர் அண்ணன்தான். அவர் பின்னாலேயே போன நான் இரண்டாவது ஆள் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்பு கம்பெனி. அங்கே நான் டிராயிங் செக்‌ஷன். அவர் டெஸ்டிங். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். ஆடுகிற எதற்கும் அடியில் ஒரு வாஷர் கொடுத்தால் நின்றுவிடும் என்பது அவர் கொள்கை. கேன்டீன் மேசைக்குக் கொடுத்தார், மேனேஜர் நாற்காலிக்குக் கொடுத்தார். ஒரு கல்யாணப் பந்தியில் எதிர்வரிசைப் பெரியவரின் பல்செட் ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் கைவிட்டவரை நான்தான் பிடித்து உட்காரவைத்தேன்.

போன வருஷம் ஆயுத பூஜையை ஒட்டிக் கம்பெனிக்கு ஒரு வாரம் லீவு விழுந்தது. அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங் தம்பி, கீழ்பவானி வாய்க்காக் கரையிலயே சைக்கிள்ல போனா கரூர் எல்லை வரைக்கும் போலாமாமுங்க. வாரீங்களா?"

அது ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். நான் அதற்கு முன் கடைசியாகச் சைக்கிளைத் தொட்டது, என் மகளுடையதைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது. ஆனாலும் "சரிங்ணா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று வீட்டில் இன்னும் விசாரணை முடியவில்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு, வாய்க்கால் ஆரம்பிக்கிற பவானிசாகரில் டெம்போவிலிருந்து சைக்கிள்களை இறக்கினோம். என்னுடையது மகளின் கியர் சைக்கிள். அவருடையது இரண்டு ஆள் சேர்ந்து தூக்கவேண்டிய பழைய இரும்பு. ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் அப்படியே நின்றன. கேரியரில் ஸ்பானர் பை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ரசமட்டம், ஒரு போசி நிறையத் தக்காளிச் சோறு. தலையில், புல்லட் ஓட்டுகிறவர்கள் போடும் முழு ஹெல்மெட்.

"சைக்கிளுக்கு எதுக்குங்ணா இது?"

"பாதுகாப்புங்க தம்பி," என்று கண்ணாடியை இறக்கினார். அதோடு அவருக்குக் காது போய்விட்டது. அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் உள்ளே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் பதில் வந்தது.

செல்போனில் மேப் போட்டேன். அண்ணன் கண்ணாடியைத் தூக்கி அதைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதை உள்ள வைங்க. தண்ணிக்கு வழி தெரியுமுங்க. நாம அது பின்னால போனாப் போதும்."

போனோம். கரை மேல் மண்பாதை. இடது பக்கம் கரை தொட்டு ஓடும் தண்ணீர், வலது பக்கம் தென்னந்தோப்பு, வாழை, முகத்துக்கு நேரே எதிர்காற்று. எட்டு மணிக்கெல்லாம் எனக்குச் சிரிப்பு வர ஆரம்பித்துவிட்டது. காரணமே இல்லை. நாற்பத்தேழு வயதில் சைக்கிளில் இறக்கத்தில் போகும்போது அப்படி ஆகும் போலிருக்கிறது. பாலம் வரும்போதெல்லாம் அண்ணன் நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "சரியாத்தான் கட்டியிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாவது பாலம் தாண்டியதும் பின்னால் ஏதோ சத்தம். திரும்பினால் ஆடுகள். முப்பது இருக்கும். எல்லாம் வாழைக்கன்றின் மேலேயே கண்ணாக எங்கள் பின்னால் ஓடி வருகின்றன. அவற்றின் பின்னால் ஒருவர் துண்டைக் கையில் பிடித்தபடி ஓடி வருகிறார்.

"ஏனுங்க, என்ற ஆட்டையெல்லாம் ஓட்டிட்டு எங்கீங்க போறீங்க?"

"ஆமாங்க, ஆமாங்க," என்றார் அண்ணன்.

நல்லவேளை, முன்னால் வந்த இரண்டு ஆடுகள் ஆளுக்கொரு கன்றைத் தின்று தீர்த்ததும் மற்றவை எங்கள் மேலிருந்த மரியாதையை இழந்து திரும்பிவிட்டன. ஆட்டுக்காரர் மட்டும் கண்ணுக்கு மறையும் வரை எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பத்தடி பின்னாலிருந்து நான் கத்தினால் கேட்காத அந்தக் காதுக்கு, சத்தியமங்கலம் தாண்டி ஒரு தோப்புக்குள் ஓடிய மோட்டார் கேட்டது. அண்ணன் பிரேக் பிடித்தார்.

"பேரிங் அழுவுதுங்க."

தோப்புக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். ஹெல்மெட் போட்ட ஒரு உருவம் ஸ்பானரோடு வருவதைப் பார்த்து எழுந்து நின்றுகொண்டார். அடுத்த இரண்டு மணி நேரம் மோட்டார் பாகம் பாகமாகத் தரையில் கிடந்தது. அந்த நேரத்தில் நான் நாலு இளநீர் குடித்தேன். கடைசியில் மோட்டார் பூனை மாதிரி முனகிக்கொண்டு ஓடியது. தோப்புக்காரர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அண்ணனும் ஒரு வாஷரை ஞாபகார்த்தமாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ஒரு மதகுக்குப் பக்கத்தில் வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தது. பெரியது இடது பக்கம், கிளை வலது பக்கம். அண்ணன் வலது பக்கம் திரும்பினார்.

"அண்ணா, இது கிளைங்ணா," என்று கத்தினேன்.

"ஆமாங்க, ஆமாங்க."

வாய்க்கால் இளைக்க ஆரம்பித்தது. முதலில் லாரி அகலம் இருந்தது. பிறகு கார் அகலம். பிறகு ஒரு எருமை குறுக்கே படுத்தால் அடைக்கிற அகலம். நான்கு மணிக்குச் சைக்கிள் டயரின் பக்கத்தில் ஒரு முழ அகலத்தில் ஓடியது. அண்ணன் தலை நிமிராமல் தண்ணீரையே பார்த்தபடி மிதித்து, இடுப்பளவு நின்ற மஞ்சள் பயிர்க் காட்டுக்குள் புகுந்துவிட்டார். உள்ளே ஒரு அம்மா மண்வெட்டியோடு பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க போகோணும்?"

அண்ணன் கண்ணாடியைத் தூக்கினார். "கரூர் எல்லைக்குங்க அம்மணி."

"இந்தத் தண்ணி என்ற காட்டோட முடிஞ்சுபோச்சுங்களே."

திடுக்கிட்டுத் திரும்பியதில் அண்ணன் சைக்கிளோடு வரப்பில் சாய்ந்தார். வரப்பு உடைந்தது. தண்ணீர் மொத்தமும் பக்கத்துக் காட்டுக்குத் திரும்பி ஓடியது.

"அய்யய்யோ, அது நேத்தே பாஞ்ச காடுங்க. அஞ்சு மணிக்கு என்ற மொறை முடிஞ்சுபோயிரும். அப்பறம் எட்டு நாளைக்கு எனக்குத் தண்ணி கெடையாது," என்றார் அந்த அம்மா.

அண்ணன் சைக்கிளை விட்டு எழுந்தார். உடைப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்ல அகலமான மனிதர். தண்ணீர் நின்றது.

"மண்ணை அள்ளிப் போடுங்க தம்பி. நான் எந்திரிக்கமாட்டேன்."

அந்த அம்மா மண்வெட்டியால் வெட்டிப் போட, நான் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அதில் சேறு அள்ளி அவரைச் சுற்றிக் கொட்ட, இடுப்பு வரை அண்ணன் வரப்பாகிப் போனார். பிறகு அவரை நாங்கள் இருவரும் உருவி எடுத்து, அந்த ஓட்டையையும் அடைத்தோம். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டதில் அவருக்கும் மீசை முளைத்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தண்ணீர் கடைசிப் பாத்திக்கு நகர்ந்தது. அண்ணன் அதன் கூடவே நடந்தார். கடைசிச் செடியின் அடியில் அது மண்ணுக்குள் இறங்குவதைக் குத்தவைத்துப் பார்த்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க. இனி அது வேருக்குப் போயிரும்."

அண்ணன் அந்த ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"டெஸ்டிங்ல ஒரே தொட்டிதானுங்க. பம்பு மேல இழுக்கும், அதே தொட்டியில வந்து உழுகும். முப்பது வருசமா அதே தண்ணி. நான் பாஸ் பண்ணி அனுப்பின பம்பெல்லாம் எங்கியோ போய் எறைக்குது. அந்தத் தண்ணி கடைசியா என்ன ஆகுதுன்னு ஒருக்காக் கண்ணுல பாக்கோணும்னுதானுங்க கெளம்புனேன்."

அந்த அம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நல்லா உக்காந்து பாருங்க. நான் போய்க் காப்பி வெச்சுட்டு வாரேன்."

அன்றைக்கு அவர்கள் வீட்டு வாசலிலேயே எங்களைத் தங்கச் சொல்லிவிட்டார்கள். குளித்து முடித்து, யாருடையதோ லுங்கியில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவியின் போன் வந்தது. நான் முதல் நாளே திரும்பிவிடுவேன் என்று நினைத்து எனக்கும் சேர்த்துத் தோசைக்கு மாவு எடுத்து வைத்திருந்தாளாம்.

"பஸ் ஏறீட்டீங்களா?"

உடம்பில் வலிக்காத இடம் இல்லை. கோயமுத்தூர் பஸ் பத்து நிமிஷ நடையில் நிற்கிறது. வாசலில் வாஷர் அண்ணன் அந்த வீட்டுப் பாட்டரி டார்ச்சைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, நாளைக்குப் போகவேண்டிய பாதைக்கு நேர் எதிர்த் திசையைக் கைகாட்டி, வீட்டுக்காரரிடம் வழி விளக்கிக்கொண்டிருந்தார்.

"இல்லை, நீ சாப்பிடு," என்றேன். "நாளைக்கு இந்த மனுசனைத் தனியா விட முடியாது."