அருவிநாட்டுக்குக் குடிமக்கள் தேவை

ஒன்பது ராஜாக்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆள்வதற்குத்தான் ஒரு குடிமகன்கூடக் கிடைக்கவில்லை.

கடத்தூர் உரக்கடையில் யூரியா மூட்டைக்கு பில் போட்டுக்கொண்டே அருள்ராணி போனைப் பார்த்தாள். 'அருவிநாடு' வாட்சாப் குழு காலையிலிருந்து டிங் டிங்கென்று துடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு நாலு வரி எழுதி, எல்லோருமாக ஒரே கதையை வளர்த்துக்கொண்டு போவதுதான் அங்கே விளையாட்டு. நாட்டை உண்டாக்கியவள் அருள்ராணி. ஆறு எங்கே, காடு எங்கே, கோட்டைக்கு எத்தனை வாசல் என்று மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வரைபடம் போட்டுக் குழுவில் வைத்திருந்தாள். அரண்மனையை ஒகேனக்கல் அருவிக்குப் பின்னால் பாறை இடுக்கில் வைத்திருந்தாள். எதிரி வந்தால் நனைந்துகொண்டுதான் வரவேண்டும்!

விதிமுறைகளும் அவள் கைவேலைதான். அடுத்தவர் வேஷத்தை அவரைக் கேட்காமல் சாகடிக்கக் கூடாது. ஒரே வாரத்தில் இரண்டு போர் கூடாது. தீபாவளி நெருக்கத்தில் போரே கூடாது, ஏனென்றால் போர் என்றால் முதலில் துடிப்பவர் தர்மபுரியில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதை தொடங்க வேண்டும். அதற்குள் ஒன்பது பேருமே ராஜா வேஷம்தான் வேண்டும் என்று நின்றார்கள்.

குலுக்கல் போட்டாள். மாரண்டஹள்ளி பேக்கரிக்காரர் நவநீதன் ராஜாவானார். மற்ற எட்டுப் பேரும் முனகிக்கொண்டே மந்திரி, தளபதி, ராஜகுரு என்று பிரிந்துகொண்டார்கள். உடனே நவநீதனிடமிருந்து போன்.

"ராஜா ஆயாச்சு, சந்தோசங்க. நான் யாரை ஆளுறது? பன்னு வாங்க வர்றவங்களையா?"

நியாயமான கேள்வி. சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் புலம்பினாள். ஜோசப் ராஜுக்கு எலக்ட்ரீசியன் வேலை. எந்தச் சிக்கலையும் இரண்டு வயரை முறுக்கி முடித்துவிடலாம் என்று நம்புகிற ஆள்.

"இதுக்கா இப்பிடி மூஞ்சிய வெச்சிருக்க? குரூப்பு லிங்கக் குடு, அனுப்பி வுடறேன்."

"யாருக்கு?"

"எங்கிட்ட இருக்குற நம்பரு பூராத்துக்கும்."

'அருவிநாட்டுக்குக் குடிமக்கள் தேவை. முன் அனுபவம் வேண்டியதில்லை' என்று அவனே எழுதி, அவள் தடுக்குமுன் அனுப்பியும்விட்டான்.

மறுநாள் ஒரே ஒருவர் வந்தார். வந்த கையோடு ஒரு பதிவு போட்டார்.

'அனுப்புநர்: மாது, விவசாயி, கீழ்க்காடு. பெறுநர்: உயர்திரு மன்னர் அவர்கள். பொருள்: எங்கள் ஏரிக்கு வாய்க்கால் வெட்டித் தரக் கோருதல் தொடர்பாக. ஐயா, வணக்கம்...'

அருள்ராணி கடையிலேயே கை தட்டிவிட்டாள். உரம் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். ராஜா நவநீதனுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. 'கவலை வேண்டாம் குடிமகனே! உன் ஏரி நிரம்பும்!' என்று ஆணையிட்டார். மந்திரிகள் வரிசையாகக் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

'நன்றிங்க ஐயா. எந்தத் தேதிக்குங்க?' என்று கேட்டார் மாது.

மந்திரிகள் உயர்த்திய கட்டைவிரல்களை ஒவ்வொன்றாக அழித்தார்கள்.

சற்று நேரத்தில் வறண்டு வெடித்துப்போன ஒரு ஏரியின் போட்டோ வந்தது. பின்னாலேயே அருள்ராணிக்குத் தனியாக ஒரு செய்தி. 'அம்மா, ராசான்னு போட்டிருக்கே, அவரு எந்த டிபார்ட்மெண்டுங்க?'

அவளுக்குத் திக்கென்றது. நிஜமான விவசாயி! பாவம், மனு வாங்குகிற இடம் என்று நினைத்து வந்துவிட்டார். உடனே தனியாக எழுதினாள். 'ஐயா, மன்னிச்சிடுங்க. இது வெறும் கதைங்க. இங்க யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க.'

பதில் வந்தது. 'எல்லா ஆபீசுலயும் இப்பிடித்தாங்க சொல்றாங்க. நான் காத்திருக்கேன்.'

அருள்ராணி போனைக் கவிழ்த்து வைத்தாள். ராத்திரி வீட்டில் புருஷனிடம் சொன்னாள்.

"பிளாக் பண்ணித் தொலை," என்றான் ஜோசப் ராஜ்.

"எப்பிடிங்க மனசு வரும்? நெலம் காயுதுன்னு சொல்ற மனுசன."

"அப்ப ராசாவ வுட்டு முடியாதுன்னு சொல்லச் சொல்லு. இல்லன்னு சொல்லிட்டா எவனும் போயிருவான்."

அதுவும் சரியாகப் பட்டது. 'நிதி இல்லாமையால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று நவநீதன் கனத்த மனதோடு அறிவித்தார்.

மாது போகவில்லை. மேல்முறையீடு செய்தார். கூடவே ஊர்ப் பொதுமக்கள் என்று பத்துப் பேரைக் குழுவில் சேர்த்துவிட்டார். பத்துப் பேரும் பத்து மனு போட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. ரேஷன் கார்டில் மருமகள் பெயர் ஏறவில்லை. ராஜகுரு சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார். தளபதி வாளை ஒப்படைத்துவிட்டு ஜவுளிக்கடைக்கே திரும்பினார். ராஜா போனில் அலறினார்.

"அருளு, ஒரு அம்மா எங்கிட்ட வருமானச் சான்றிதழ் கேக்குது! நான் பப்ஸ் போடுறவன், அதுல நான் இன்னாத்த எழுதறது?"

"கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே. ஞாயித்துக்கிழமை கதை ஆரம்பிச்சிரும்."

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நான் முடி துறந்துருவேன், பாத்துக்க!"

அன்றைக்கு முழுக்க யோசித்தாள். பில்லில் பொட்டாஷுக்குப் பதில் ராஜாங்கம் என்று அடித்து முதலாளியிடம் திட்டு வாங்கினாள். கடைசியில் பளிச்சென்று ஒரு வழி தோன்றியது. யாரையும் நோகடிக்காத வழி. புதிய விதி ஒன்றைப் போட்டாள். 'இனி மனுக்கள் அரண்மனையில் நேரில் மட்டுமே பெறப்படும்.'

இல்லாத அரண்மனைக்கு எவர் போய்க் கொடுப்பார்? வெற்றி! குழுவில் ஒரு மனுவும் வரவில்லை. ராஜகுரு திரும்பி வந்தார். தளபதி வாளைத் திரும்பக் கேட்டார். அருள்ராணி அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே களி கிண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்து போனைத் திறந்தாள்.

'அம்மா, விதிமுறைப்படி அரண்மனைக்கு நேரில் புறப்பட்டுவிட்டோம். ஊரோடு வருகிறோம். மனுவை வாங்கும்வரை தர்ணா. அருவிக்குப் பின்னால் எந்தப் பக்கம் வழிங்க?'

"ஐயோ, சேசுவே!"

"இன்னாச்சு ராணி?"

"அந்தாளு அருவிக்குப் பின்னால போவப் போறாருங்க! ஊரையே கூட்டிக்கினு!"

ஜோசப் ராஜ் பைக்கை உதைத்தான். பென்னாகரத்தைத் தாண்டி மலைப்பாதை இறங்கும்வரை அவள் அவன் சட்டையை விடவில்லை. வழியெல்லாம் போன் போட்டாள். மாது எடுக்கவில்லை. தண்ணீர் வேறு அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு விவசாயி தன் விதிமுறையைப் படித்துவிட்டுப் பாறையில் வழுக்கினால்? விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

பரிசல்துறையில் ஒருவரைப் பிடித்து மூச்சு வாங்கக் கேட்டாள். "அண்ணே, அருவிக்குப் பின்னால போவணும்னு யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க தாயி. ஒரு வேன் ஆளு. அங்க எவனும் போவ முடியாதுன்னு சொல்லிட்டேன். தோ, மீனு திங்கிறாங்க பாரு."

மீன் கடைக்கு எதிரே தார்ப்பாய் விரித்து ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. பின்னால் காவிரி கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்க, "தண்ணி குடு! தண்ணி குடு!" என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் வறுத்த மீன், மறு கை வானத்தில். நடுவில் பழைய துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒருவர் கையில் காகிதத்தோடு எழுந்து நின்றார்.

"நீங்கதான் மாதுங்களா?"

"ஆமாங்கம்மா." அவர் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். "மனுவ வாங்கிக்கங்க. ரசீது மட்டும் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா..."

அருள்ராணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஐயா, கும்பிடறேன், நிமிருங்க. அரண்மனையும் இல்ல, ராசாவும் இல்ல. எல்லாம் நான் உக்காந்து யோசிச்சதுங்க. அவரு பேக்கரி வெச்சிருக்காரு. நீங்க நெலத்த நெனச்சு இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, நான் வெளையாடிக்கினு இருந்திருக்கேன்."

"அப்ப மேலதிகாரி யாருங்கம்மா?" என்றார் மாது, கலங்காமல்.

"மேலயும் யாரும் இல்லீங்க!"

கூட்டம் இன்னும் பலமாகக் கோஷம் போட்டது.

"நீ அழுவாத ராணி," என்றான் ஜோசப் ராஜ். "சாயங்காலம் கதைய ஆரம்பிச்சிட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

"கதையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு நல்ல மனுசன ஏமாத்திட்டு நான் இன்னா கதை எழுதறது?" போனை எடுத்தாள். குழுவில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நீக்க ஆரம்பித்தாள். முதலில் ராஜகுரு. பிறகு தளபதி. கண்ணீரில் எழுத்தே தெரியவில்லை. "இன்னிக்கோட குரூப்பயே கலைச்சிடறேங்க."

தார்ப்பாயின் ஓரத்தில் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த மாதுவின் மனைவி பெரியம்மாள் பதறி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலைச்சுப்புடாத கண்ணு! இவரு தாலுகா ஆபீசுல மனு வாங்குறவரு, இந்தக் கோஷம் போடுறவங்க பூராவும் அவரு ஸ்டாப்பு, சர்வீசுல சேந்த நாளா ஒரே ஒரு தடவ எதிர்ப்பக்கம் நின்னு மனு குடுத்துப் பாக்கணும்னு ஏங்கிக் கெடந்தவருக்கு உங்க கதையிலதான் எடம் கெடச்சிருக்கு!"